கூலி வாங்காத தோணி

"தண்ணிய இறை மகள், நிப்பாட்டாத!"

துடுப்பு வலித்த தகப்பனின் குரலுக்கு லைலா நிமிரவில்லை. பால்மாத் தகரப் பேணியால் தோணிக்குள் ஏறிய தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பேணி வெளியே போனால் ஒன்றரைப் பேணி உள்ளே வந்தது. பாடசாலைக்கென்று உடுத்திருந்த வெள்ளைச் சட்டை முழங்காலுக்குக் கீழே சேற்றிலும் தாரிலும் ஊறிப்போயிருந்தது.

தோணியின் முன்பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த உம்மு குல்சும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். கர்ப்பிணி. நிறைமாதம். வலி கண்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

கிண்ணியாப் பக்கத்துப் பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபஹு பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதை ஆறு மணிக்குத்தான் அசையும். அந்த நேர அட்டவணை உம்மு குல்சுமின் பிள்ளைக்குத் தெரியாது.

"வாப்பா, நடுப்பலகை விட்டுட்டு!"

"தெரியும். போன கிழமை அடைச்ச தும்பு. நீ இறை."

அலியார் துடுப்பை இழுத்த இழுப்பில் அவருடைய தோள் எலும்பு தனியாகத் தெரிந்தது. ஐம்பத்தாறு வயது. பேச்சுக் குறைவு. அக்கரை வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வலித்தார்.

அவருடைய தகப்பன் ஆதம்பாவா காலத்திலிருந்து ஓடுகிற தோணி அது. இரவில் மிதவைப் பாதை நின்ற பிறகு யாருக்கு நோய் என்றாலும் பிள்ளைப்பேறு என்றாலும் அலியாரின் கதவைத் தட்டலாம். கூலி கிடையாது. நோயாளியிடமும் வாங்குவதில்லை, மையத்தை, இறந்தவர் உடலை, ஏற்றினாலும் வாங்குவதில்லை. ஆதம்பாவா போட்ட சட்டம். வீட்டு அடுப்பு எரிவது அலியார் பகலில் பிடிக்கிற மீனால்.

ஆனால் தோணி கிழண்டு போயிற்று. போன வருடம் இதே இடத்தில், இதே மாதிரித் தண்ணீர் ஏறித்தான் பாதிவழியில் திரும்ப வேண்டி வந்தது. அன்றைக்குப் பாயில் படுத்திருந்தவள் லைலாவின் அக்கா ரபீக்கா. அவளுடைய தலைப்பிள்ளை அக்கரையைக் காணவேயில்லை.

இப்போது ரபீக்காவுக்கு மறுபடியும் எட்டாம் மாதம்.

அந்த நினைப்பு வந்ததும் லைலாவின் கை இன்னும் வேகமாக ஓடியது.

தோணி கரையில் முட்டியபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. காத்து நின்ற வாடகைக் காரின் பின்கதவை யாரோ திறந்தார்கள். உம்மு குல்சுமின் புருசன் மூதூரில் வயல் வேலையில் இருந்ததால் அலியாரும் லைலாவும் காரில் ஏறிக்கொண்டார்கள். சீனன்குடாவைத் தாண்டுகையில் விடிந்தது.

*

திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாதி லைலாவைப் போக விடவில்லை.

"பொம்பிளை ஒராள் பக்கத்தில நிக்க வேணும். நீர் ஆர், தங்கச்சியோ?"

"இல்ல மிஸ். தோணிக்காரர்ர மகள்."

தாதிக்கு அது போதுமாக இருந்தது. நகரத்தில் அந்தத் தோணியைத் தெரியாத தாதி இல்லை.

எட்டரை மணிக்குத்தான் பரீதா மாமி வந்து சேர்ந்தாள். அலியாரின் தங்கை. நகரத்தில் குடியிருப்பவள். லைலா கிழமை நாட்களில் தங்கிப் படிப்பது அவள் வீட்டில்தான்; வார விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போய்வருவாள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் இடியப்பப் பொட்டலம், வாயில் சண்டை.

"என்னகா கோலம் இது? சேத்துக் குளத்தில விழுந்த வாத்து மாதிரி!" அண்ணனிடம் திரும்பினாள். "காக்கா, அந்தத் தோணிய உடைச்சு விறகுக்குப் போடு எண்டு எத்தின தரம் சொன்னன்?"

அலியார் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டார்.

"புயலுக்குள்ள போய்ப் பதினொரு கப்பல்காரன இழுத்துக்கொண்டு வந்த தோணி. வருசம் ஒண்டு தாண்டிட்டு. அந்தக் கப்பல்காரன் ஒரு பலகைக்காவது காசு தந்தானா? நன்றி கெட்ட சாதி!"

"அவங்களைப் பேசாத பரீதா."

"பேசாம? நீ பேசமாட்டாய், அதான் நான் பேசுறன்."

அலியார் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு விறாந்தையின் மறுபக்கம் போய்விட்டார். மாமி மருமகளின் காதுக்குள் குனிந்தாள்.

"இண்டைக்குத்தானே பள்ளிக்கூடத்தில உங்கட வாதம்?"

"ஓம் மாமி. ஒம்பது மணிக்கு."

"அப்ப இஞ்ச என்ன மயிலாட்டம் பாக்கிறாய்? ஓடு! போய்த் தோணிக்கு அந்தக் காசை எடுத்துக்கொண்டு வா!"

லைலா ஓடினாள். ஆனால் மாமிக்கு ஒரு சங்கதி தெரியாது. தோணிக்குப் பேசப் போகிறவள் லைலா இல்லை.

*

நடந்தது இதுதான். போன மாதம், நோன்பின் கடைசி நாட்களில், பெண்கள் பாடசாலையின் தலைமையாசிரியையான அதிபர் அம்மாவிடம் ஒரு கடித உறை வந்தது. உள்ளே இரண்டாயிரம் ரூபாய். கூடவே ஒரு தாள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பேசி முடிவெடுத்து, ஒரே ஒரு நல்ல காரியத்துக்கு இதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரைக் கேட்கக் கூடாது.

ஒரு கிளாக்கரின் சம்பளம் மாதம் இருநூற்றைம்பது ரூபாயாக இருந்த காலம் அது. நகரம் முழுவதும் அந்த உறையைப் பற்றியே கதை. கடைவீதி முதலாளி என்றார்கள். கொழும்பிலிருந்து வந்துபோன டொக்டர் என்றார்கள். அதிபர் அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை.

வகுப்புக்குப் பொறுப்பான பாக்கியரத்தினம் ரீச்சர் மூன்று காரியங்களைத் தெரிவு செய்தார். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்ட்டுக்குப் பால்மா. புயலில் ஆண்களையும் வலைகளையும் பறிகொடுத்த சாம்பல்தீவுப் பெண்களுக்கு வலை. கிண்ணியாத் தோணிக்குப் புதுப் பலகையும் ஒரு எஞ்சினும்.

பிறகு தன் சட்டத்தைச் சொன்னார்.

"சொந்த வீட்டுக்கு வக்காலத்து வாங்கிறது பெரிய கெட்டித்தனமில்லை. ஆருக்கு எதில மனமோ, அதில அவை பேசக் கூடாது. போய்ப் பார்த்திட்டு வந்து மற்றதுக்குப் பேச வேணும்."

பேச முன்வந்த மூன்று பேருக்கும் சீட்டுக் குலுக்கினார்கள். பால்மா அன்னலட்சுமிக்கு விழுந்தது. தோணி பூரணிக்கு. லைலாவுக்குச் சாம்பல்தீவு வலை.

ஆஸ்பத்திரியிலிருந்து பாடசாலைக்கு ஓடுகிற வழியில் லைலா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஏழு நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் தடுமாறினால் போதும். யாருக்கும் தெரியாது. பாவம், களைப்பு என்று நினைப்பார்கள். பூரணி எப்படியும் கெட்டிக்காரி. தோணி வெல்லும். ரபீக்கா ராத்தாவும் பிள்ளையும் அக்கரை சேருவார்கள்.

அதில் என்ன பிழை? ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டாள்.

*

வகுப்பு நிறைந்திருந்தது. இருபத்தாறு பேர். பின்வரிசைக் கதிரையில் அதிபர் அம்மாவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"லைலா, என்ன பிள்ளை இது, நண்டு பிடிச்சிட்டு வாறீரோ?" என்றார் பாக்கியரத்தினம் ரீச்சர். வகுப்பு சிரித்தது.

"மன்னிக்கோணும் ரீச்சர்."

அன்னலட்சுமி முதலில் பேசினாள். பால்மாவுக்காகப் பேசினதை விட மற்ற இரண்டையும் குத்தினதே கூட.

"கிண்ணியாவுக்குப் பாலம் போட வேண்டியது அரசாங்கத்தின்ர கடமை. நாங்கள் தோணிக்குக் காசு குடுத்தா, அரசாங்கம் பாலத்தை மறந்திடும்."

சிலர் தலையாட்டினார்கள். அடுத்தது லைலா.

எழுந்தாள். தடுமாறுவதற்கு முதல் சொல்லைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து, போன கிழமை சாம்பல்தீவில் பார்த்த முகம் கண்முன்னே வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். லைலா இரக்கத்தோடு ஏதோ சொல்ல வாய் எடுத்தபோது அவள் இடைமறித்துச் சொன்னாள்: "எங்களுக்காக அழ வேண்டாம் பிள்ளை. அழுறதை நாங்களே செய்து முடிச்சிட்டம். எங்களுக்கு என்ன வேணுமெண்டு சரியாச் சொன்னாக் காணும்."

சரியாகச் சொல்வதாக லைலா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பேசினாள்.

"மீன் பிடிச்சுக்கொண்டு வந்தா, பங்கு பிரிக்கேக்க வலைக்கு ஒரு பங்கு இருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா? கடலுக்குப் போனவனுக்கு ஒரு பங்கெண்டா, வலைக்காரருக்கும் ஒரு பங்கு. வலை வெச்சிருக்கிறது ஆம்புளையா பொம்புளையா எண்டு கடல் கேக்கிறதில்ல. இண்டைக்கு அங்க அஞ்சு வீட்டுக்கு ஒரு வலை. திங்கட்கிழமை ஒரு வீட்டுக்குப் பங்கு, செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டுக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வலை குடுத்துப் பாருங்க. ஆம்புளை இல்லாத வீட்டுக்கும் ஒவ்வொரு நாளும் மீன் வரும். பால்மா குடிச்சா முடிஞ்சிடும். இது முடியாது."

அன்னலட்சுமி குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டாள். ரீச்சர் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். லைலா ஏழு நிமிடமும் பேசினாள். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. ராத்தா, என்னை மன்னித்துவிடு என்று மனம் சொல்லிற்று. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை இனி நேராகப் பார்க்கலாம்.

பூரணி எழுந்தாள். சுங்கக் கந்தோரில் வேலை பார்க்கும் சோமசேகரத்தின் மகள். ஒல்லிப்பிச்சான். குரல் மட்டும் துறைமுகத்துச் சங்கு.

"அன்னலட்சுமி பாலம் கேக்கிறா. நானும் கேக்கிறன். ஆனா ஒண்டு. பாலம் வருமட்டும் பிள்ளை வயித்துக்குள்ள காவல் இருக்குமோ?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அதிபர் அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"நான் கிண்ணியாவுக்குப் போனனான். ஒரு ஒழுங்கையில பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலயும் கேட்டன், இந்தத் தோணியில போன ஆள் ஆரும் இருக்கினமோ எண்டு. பதினாறு வீட்டிலயும் இருக்கினம். பிறகு தோணிக்காரரிட்டப் போனன். உங்களுக்கு என்ன வேணுமெண்டு கேட்டன். அவர் என்ன சொன்னவர் தெரியுமே? 'எங்களுக்கு ஒண்டும் வேணாம் பிள்ளை, சாம்பல்தீவுக்குக் குடுக்கச் சொல்லுங்க' எண்டார். தனக்கு வேண்டாமெண்டு சொல்லி அனுப்பின ஒரு தருமத்தை நீங்கள் எங்கயாவது கண்டனீங்களோ?"

லைலாவுக்கே அது புதுச் செய்தி. வாப்பா அப்படியா சொன்னார்?

கேள்வி நேரம் வந்தது. எதிராளியிடம் ஆளுக்கு ஒரு கேள்வி. உண்மை மட்டுமே பதில். அதுவும் ரீச்சரின் சட்டம்.

லைலா எழுந்தாள். தகப்பனின் தோணிக்கு எதிராக மகள் என்ன கேட்கப்போகிறாள்?

"அந்தத் தோணிக்கு ஒரு சங்கமில்ல. தலைவர் இல்ல. கணக்குப் புத்தகமும் இல்ல. இவ்வளவு காசை ஒரு தனி ஆளிட்டக் குடுத்திட்டு, எப்பிடி நம்புவீங்க?"

யாரோ "ஐயோ" என்றார்கள். கேட்ட கேள்வி தன் நெஞ்சிலேயே குத்தியது லைலாவுக்கு. ஆனால் சாம்பல்தீவுக்குப் பேச வந்தவள் கேட்க வேண்டிய கேள்வி அது.

பூரணி யோசிக்கவில்லை. "கூலி வாங்கினாத்தானே கணக்கு எழுத? ஒரு சதமும் வாங்காத மனிசனை நம்பேலாதெண்டா, நான் ஆரை நம்ப?"

பிறகு அவள் லைலாவின் பக்கம் திரும்பினாள். சிநேகிதியின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள்.

"என்ர கேள்வி சின்னக் கேள்வி. உங்கட சட்டையில இருக்கிறது என்ன கறை?"

லைலாவுக்குப் பொறி விளங்கிவிட்டது. தன் வாயாலேயே தோணிக்குச் சாட்சி சொல்லவைக்கிறாள். பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. பொய்யும் சொல்ல ஏலாது.

"தார்."

"எங்க பட்டது?"

"ஒரு கேள்விதான் பூரணி," என்று எச்சரித்தார் ரீச்சர்.

"அதே கேள்விதான் ரீச்சர். அவ பாதிப் பதில்தானே சொன்னவ."

பின்வரிசையிலிருந்து அதிபர் அம்மாவின் குரல் வந்தது. "சொல்லும் பிள்ளை."

"தோணியில," என்றாள் லைலா. "காலையில ஒரு பொம்புளைக்கு வலி. பலகை விட்டுத் தண்ணி ஏறினது. நான் இறைச்சனான். இப்ப அவ ஆஸ்பத்திரியில."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ரபீக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை. சற்று முன் நண்டு என்று கேலி செய்த ரீச்சர், அந்தச் சட்டையை இப்போது வேறு கண்ணால் பார்த்தார்.

வாக்களிப்புக்கு மூன்று பேணிகள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. லைலா தன்னுடையதைச் சாம்பல்தீவுப் பேணியில் போட்டாள். போட்டபோது கை கொஞ்சம் தயங்கியது, பிறகு விட்டுவிட்டது.

அதிபர் அம்மாவே கொட்டி எண்ணினார். பால்மாவுக்கு மூன்று. வலைக்குப் பதினொன்று. தோணிக்குப் பன்னிரண்டு.

ஒரே ஒரு புளியங்கொட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"தோணிக்கு!" என்று பூரணி துள்ளிக் குதித்து லைலாவைக் கட்டிக்கொண்டாள். "கோபமோடீ?"

"பேய்ப்பெட்டை," என்றாள் லைலா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே விளங்கவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவரைத் தவிர. அதிபர் அம்மா புளியங்கொட்டைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நானே காசைக் கொண்டுபோய்க் குடுக்கிறன். லைலா, உம்மட வாப்பாவிட்ட இப்பவே போய்ச் சொல்லும். எனக்கு முந்தி அவர் உம்மட வாயால கேக்கிறதுதான் நல்லது."

*

ஆஸ்பத்திரி விறாந்தையில் பரீதா மாமி யாரோ ஒருத்திக்கு இடியப்பம் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அலியார் தூணோடு சாய்ந்து குந்தியிருந்தார்.

"பொம்புளப்புள்ள!" என்று தூரத்திலேயே கத்தினாள் மாமி. "தாயும் புள்ளயும் சுகம். நீ சொல்லு, என்ன நடந்த?"

"தோணிக்குத்தான் மாமி! ரெண்டாயிரமும் தோணிக்கு! வெள்ளிக்கிழமை கொண்டு வருவாங்க!"

"அல்ஹம்துலில்லாஹ்!" மாமி இரண்டு கையையும் தூக்கியதில் இடியப்பம் ஒன்று நிலத்தில் விழுந்தது.

அலியார் அசையவில்லை.

"ஆரு பேசின?"

"பூரணி, வாப்பா."

"நீ?"

"நான் சாம்பல்தீவுக்குத்தான் பேசினன். விட்டுக்குடுக்காமப் பேசினன். வாக்கும் அவங்களுக்குத்தான் போட்டன்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிண்ணியாவில் எவரும் காணாத பெருமை அது. வந்த வேகத்திலேயே அணைந்துபோனது.

"அப்ப எப்பிடி மகள் தோத்தாய்? இன்னும் கொஞ்சம் நல்லாப் பேசியிருக்கலாமே."

லைலாவுக்கு விளங்கவில்லை. மாமி வாயைப் பிளந்துகொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"காக்கா, உனக்கு என்ன விசரா?"

"அதிபரம்மாட்டப் போய்ச் சொல்லு மகள். தோணிக்கு வேணாம். வலைக்குக் குடுக்கச் சொல்லு."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் லைலாவுக்கு ஒரேயடியாக வெளியே வந்தது.

"ராத்தாட வயித்தப் பாத்தீங்களா வாப்பா? இன்னும் ஆறு கிழமை. போன தரம் பாதிவழியில திரும்பினது உங்கட கையால வலிச்சுக்கொண்டுதானே? வகுப்பில அவட பேரை நான் எடுக்கேல்ல. எடுத்திருந்தா எல்லாரும் தோணிக்குத்தான் போட்டிருப்பாங்க. எடுக்காமலே வந்திருக்கு. பிறகும் வேணாமா?"

அலியார் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்தத் தோணிக்குக் கூலி எடுக்கிறேல்ல."

"இது கூலியில்ல வாப்பா! ஆரோ முகம் தெரியாத ஒரு நல்ல மனுசன் தந்த தருமம்!"

விறாந்தையின் கோடியில் புதுப் பிள்ளை ஒன்று வீரிட்டு அழுதது. அலியார் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். கடைசியாக மகளை.

"கப்பல்காரனைப் பேசாத எண்டு காலையில சொன்னன் பரீதா. அவன் நன்றி கெட்டவனில்ல. நோன்பு இருவத்தேழில கப்பல் கந்தோருக்குக் கூப்பிட்டு, பதினொரு பேருக்கும் சேத்து ரெண்டாயிரம் ரூவா என்ட கையில வெச்சான். நான் வேணாமெண்டு சொன்ன பாஷை அவனுக்கு விளங்கேல்ல. உசிரைக் கரை சேத்ததுக்கு வாங்கின காசோட எனக்கு வீட்டு வாசல் ஏற ஏலாமப் போயிட்டு."

மாமியின் கையிலிருந்த பொட்டலம் மடியில் இறங்கியது.

"நேரா ஒங்கட பள்ளிக்கூடத்துக்குப் போனன் மகள். அதிபரம்மாட மேசையில அந்தக் கவரை வெச்சது நான்தான்."